பழைய காருக்குப் புதிய பெயிண்ட்: அதற்கு முன் பாடியில் முடிக்க வேண்டிய வேலைகள்

1960களில் தயாரான, எஃகுத் தகட்டு பாடி கொண்ட ஒரு காரைப் புதுப்பிக்கத் தொடங்கியிருக்கிறீர்கள். அதன்மேல் ஏற்கெனவே இரண்டு மூன்று முறை பெயிண்ட் ஏறியிருக்கிறது. கதவுகளின் அடிப்பகுதியிலும் சக்கர வளைவுகளிலும் கொப்புளங்கள் கிளம்பியிருக்கின்றன. பானெட்டில் மெல்லிய வெடிப்புகள் தெரிகின்றன. இருக்கிற பெயிண்டைத் தேய்த்துவிட்டு அதன்மேலேயே அடிக்கலாமா, உரித்துத் தகடு வரை போக வேண்டுமா, போனால் அதன்பின் எந்த வரிசையில் வேலை செய்வது என்பவை உங்கள் கேள்விகள்.

நீங்கள் விவரிக்கும் நிலையில் வெளித் தகடுகள் அனைத்தையும் உரிக்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் உரிப்பது இந்த வேலையில் எளிய பகுதி. அதற்குப் பிறகு தகட்டை நேராக்கும் வேலையைத் தகட்டிலேயே முடிப்பதற்குத்தான் உங்கள் நேரத்தில் பெரும்பங்கு போக வேண்டும். பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) பிறகு பார்த்துக்கொள்ளும் என்று விட்ட இடம் ஒவ்வொன்றும் பெயிண்ட் ஏறியதும் வெளிப்பட்டுவிடும். மங்கலான பிரைமரில் (நிறத்துக்கு அடியில் அடிக்கும் பூச்சில்) கண்ணுக்கே தெரியாத அரை மில்லிமீட்டர் அலை, பளபளக்கும் கறுப்பு அல்லது அடர்நீல நிறத்தின் மேல் ஒரு குழல்விளக்கின் பிம்பம் விழும்போது நெளிந்து காட்டிக் கொடுக்கும்.

எதையும் உரிப்பதற்கு முன் அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பெயிண்ட் தடிமனை அளக்கும் கருவி கிடைத்தால் ஒவ்வொரு தகட்டிலும் சாண் இடைவெளியில் வைத்துப் பாருங்கள். தொழிற்சாலையில் அடித்த பெயிண்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். 250, 300 என்று காட்டினால் மறுபடி அடிக்கப்பட்டது என்று பொருள். ஆயிரத்தைத் தாண்டினால் அங்கே பட்டி இருக்கிறது. கருவி இல்லையென்றால் மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தம் போதும். நல்ல தகட்டில் அது இழுத்துப் பிடிக்கும், பட்டி தடித்திருக்கும் இடத்தில் வழுக்கி விழும். கண்டதையெல்லாம் சாக்பீஸால் தகட்டின்மேலேயே வட்டமிட்டுப் புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் உரித்தபின் அந்த வரைபடம் இருக்காது.

பெயிண்டின் வகையையும் சோதிக்க வேண்டும். ஒதுக்குப்புறமான ஓரிடத்தில் தின்னர் நனைத்த வெள்ளைத் துணியை அரை நிமிடம் வைத்துத் துடையுங்கள். நிறம் கரைந்து துணியில் வந்தால் அது லாக்கர். சுருங்கிக் கொப்பளித்தால் எனாமல். எதுவும் நடக்கவில்லை என்றால் ஹார்டனர் (இறுகவைக்கும் பொருள்) கலந்து அடித்த பிற்காலத்து 2கே பெயிண்டாக இருக்கலாம். டியூபாண்ட் நிறுவனத்தின் டூகோ 1920களில் சந்தைக்கு வந்தபின் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் பல பத்தாண்டுகள் கார்த் தொழிலில் நிலைத்தது. வேகமாகக் காய்வது அதன் பெருமை; தடிமன் ஏற ஏற வெடிப்பது அதன் குணம். உங்கள் பானெட்டில் தெரியும் வெடிப்புகள் அப்படிப்பட்டவையாக இருக்கக்கூடும். இத்தகைய அடுக்குகளின்மேல் இன்றைய 2கே பெயிண்டை அடித்தால் அதிலுள்ள கரைப்பான் கீழே ஊடுருவி, பழைய அடுக்கை ஊதிச் சுருங்கவைத்து மேலே தூக்கிவிடும். எவ்வளவு நன்றாகத் தேய்த்திருந்தாலும் அதைத் தடுக்க முடியாது. அடியில் இருப்பது தொழிற்சாலையின் முதல் எனாமல் மட்டுமே, அதுவும் உறுதியாகப் பற்றியிருக்கிறது என்று தெரியவந்தால் மட்டும் நான் அதை உரிக்கச் சொல்லமாட்டேன். தொழிற்சாலைப் பூச்சு சூட்டில் வைத்து இறுக்கப்பட்டது. அதைவிட நல்ல அடித்தளத்தை நம் கையால் உருவாக்குவது கடினம். அதனால்தான் உள்பக்கத் தகடுகளையும் டிக்கியின் உட்புறத்தையும் துரு இல்லாத வரையில் அப்படியே விட்டுவிடச் சொல்கிறேன். நிறத்தைப் பொருத்துவதற்கும் வெயில் படாத அந்த இடங்களே உங்களுக்குச் சாட்சி.

கொப்புளத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு ஸ்கிரேப்பரின் முனையால் அதைக் கிளறிப் பாருங்கள். பெயிண்ட் செதில் உதிர்ந்து அடியில் பழுப்புப் பொடி மட்டும் இருந்து, சுரண்டியதும் வெள்ளையாகத் தகடு தெரிந்தால் துரு வெளியிலிருந்து வந்தது, பிழைத்தீர்கள். ஆனால் கதவின் அடியிலும் சக்கர வளைவின் விளிம்பிலும் பெரும்பாலும் வேறொன்று நடக்கும். ஸ்கிரேப்பர் முனை எந்தத் தடையும் இல்லாமல் உள்ளே இறங்கும். இழுத்தால் அடுக்கடுக்கான கரும்பழுப்புச் செதில்கள் கூடவே வரும். இரும்பு துருவாகும்போது அதன் பருமன் பல மடங்கு பெருகுவதால் மடிப்புக்குள் அடைபட்ட துரு இரண்டு தகடுகளையும் பிளந்துகொண்டு வெளியே வருகிறது. அந்தக் கொப்புளம் உள்ளிருந்து தொடங்கிய நோயின் கடைசிக் கட்டம். கண்ணாடியை ஒட்டிய ரப்பர் பீடிங்குக்கு அடியிலும், பாட்டரி வைக்கும் தட்டிலும், கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் வாசற்படிப் பெட்டியின் முன்பின் முனைகளிலும், அடைபட்ட வடிகால் துளைகளுக்குப் பக்கத்திலும் இதே சோதனையைச் செய்யுங்கள். முன், பின் கண்ணாடிகளைக் கழற்றாமல் சுற்றி மறைத்து அடித்துவிடலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். பழைய கார்களில் அந்த ரப்பருக்குக் கீழேதான் தண்ணீர் தேங்கும், ஆகவே கழற்றுங்கள்.

இனி உரிக்கும் முறைகள். கதவு, பானெட், கூரை போன்ற அகன்ற தட்டையான தகடுகளில் மணல் வீச்சு (காற்றழுத்தத்தால் மணலைப் பீய்ச்சி உரிப்பது) கூடவே கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அக்காலத் தகடு பெரும்பாலும் 0.9 மில்லிமீட்டரை ஒட்டியது. வேகமாக வந்து மோதும் மணல் ஒரு பக்கத்தின் மேற்பரப்பை மட்டும் அடித்து நீட்டுகிறது. மறுபக்கம் நீளாமல் இருப்பதால் தகடு முழுவதும் அலை அலையாக வளைந்துவிடும், பிறகு அதை மீட்பது மிகக் கடினம். உலர்ந்த மணலின் சிலிக்காத் தூசி நுரையீரலைக் கெடுப்பது இன்னொரு காரணம். அடிச்சட்டம், சஸ்பென்ஷன் பாகங்கள், தடித்த உட்பட்டைகள் ஆகியவற்றுக்கு வேண்டுமானால் தகுந்த வீச்சுப் பொருளைக் கொண்டு அந்த முறையைப் பயன்படுத்துங்கள். சோடா வீச்சு தகட்டை வளைப்பதில்லை. ஆனால் அது துருவையும் எடுப்பதில்லை, மடிப்புகளில் தங்கும் சோடாவை முழுவதும் கழுவாவிட்டால் பிரைமர் பற்றுவதும் இல்லை.

தகடுகளுக்கு நான் பரிந்துரைப்பது பி80 உப்புத்தாள் (எண் கூடக்கூடத் தாள் நயமாகும்) பொருத்திய சுழல் அதிர்வு சாண்டரும், தடித்த அடுக்குகளுக்கு இரசாயன உரிப்பானும் சேர்ந்த முறை. முன்பு எளிதில் கிடைத்த மெத்திலின் குளோரைடு உரிப்பான்கள் வேகமானவை, ஆனால் மூடிய இடத்தில் உயிரையே பறித்திருக்கின்றன. அமெரிக்காவில் 2019 முதல் பொதுமக்களுக்கு விற்கத் தடை உள்ளது, ஐரோப்பிய ஒன்றியம் அதற்கும் முன்பே கட்டுப்படுத்திவிட்டது. மாற்று உரிப்பான்கள் மெதுவாக வேலை செய்யும். பூசியபின் பிளாஸ்டிக் தாளால் மூடிவைத்தால் காய்ந்துபோகாமல் ஆழமாக இறங்கும். உரிப்பானை மடிப்புகளுக்கும் இணைப்புகளுக்கும் ஓரங்குலம் முன்பே நிறுத்திக்கொண்டு, மீதியைக் கம்பிச் சக்கரத்தாலோ கையாலோ எடுங்கள். மடிப்புக்குள் புகுந்த உரிப்பான் மாதக்கணக்கில் ஒளிந்திருந்து புதுப் பெயிண்டை உள்ளிருந்து தள்ளும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்: நுண்தூசியை வடிகட்டும் முகமூடி, தூசி உறிஞ்சும் கருவி இணைத்த சாண்டர், வேலை உடையை வீட்டுத் துணிகளோடு சேர்க்காத பழக்கம் மூன்றும் தேவை. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் இது இன்னும் முக்கியம்.

எந்தத் தேய்ப்புக்கும் முன்பாக மெழுகு நீக்கியால் துடைத்துவிட வேண்டும் என்பதைப் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். பல ஆண்டுகள் போட்ட பாலிஷில் உள்ள சிலிக்கோன் மேலே இருக்கும்போது துடைத்தால் போய்விடும். தேய்த்தபின் துடைத்தால், தாள் கீறிய கோடுகளுக்குள் அது ஏற்கெனவே இறங்கியிருக்கும். பின்னால் பெயிண்ட் அடிக்கும்போது மீன்கண் போலச் சின்னச் சின்ன வட்டங்களாகப் பெயிண்ட் விலகுவதற்கு இதுவே முதல் காரணம்.

துருவில் சமரசம் செய்யாதீர்கள். துளை விழுந்த தகட்டை நல்ல தகடு தெரியும் வரை வெட்டியெடுத்து, அதே தடிமனுள்ள துண்டை விளிம்போடு விளிம்பு சேர்த்துப் பற்றவைக்க (வெல்டிங் செய்ய) வேண்டும். மேலே ஒரு துண்டை வைத்து ஒட்டுவதும், கண்ணாடியிழையும் பிசினும் வைத்து மூடுவதும் ஈரம் தங்க இன்னொரு மடிப்பை உண்டாக்குவதுதான். பற்றவைக்கும்போது தொடர்ச்சியாக இழுக்காமல் ஒரு புள்ளி வைத்து, அதிலிருந்து எட்டி இன்னொரு புள்ளி வைத்து, இடையில் தகட்டைத் தானாக ஆறவிட்டுச் செய்தால் சூட்டினால் வரும் நெளிவு பெருமளவு குறையும். வாசற்படிப் பெட்டிகளை மாற்றுவதாக இருந்தால் கதவுத் திறப்புகளின் குறுக்கே தாங்கு கம்பிகளை முதலில் பற்றவைத்துவிடுங்கள். காரின் நடு வளையாமல் நிற்பதில் அந்தப் பெட்டிகளுக்குப் பெரும்பங்கு உண்டு; வெட்டியபின் பாடி ஒரு விரல் இறங்கினாலும் கதவு இனி மூடாது. பற்றவைக்கும் வேலைக்கு முன் பாட்டரி இணைப்பையும் பெட்ரோல் டாங்கியையும் அகற்றிவிட வேண்டும்.

துளையாகாத, குழிக்குழியான துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலக் கரைசல் உதவும். அது இரும்பு ஆக்சைடை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றுகிறது. உதிரும் துருவைக் கம்பிச் சக்கரத்தால் எடுத்தபின்தான் அதைப் பூச வேண்டும். காயவிடாமல் நனைத்துக்கொண்டே இருந்து, தயாரிப்பாளர் சொன்னபடி கழுவி, உடனே உலர்த்தி, அந்த இடத்தை மீண்டும் தாளால் தேய்த்துவிடுங்கள். அமிலம் மிச்சமிருக்கும் பரப்பில் எபாக்ஸி பிரைமர் (வெறும் தகட்டின்மேல் அடிக்கும், எபாக்ஸிப் பிசினாலான பூச்சு) சரியாக இறுகாது. பல இடங்களில் எபாக்ஸி தோலோடு தோலாக உரிந்து வந்தது என்று கேள்விப்படும்போது என் முதல் சந்தேகம் இந்த அமிலத்தின்மேல்தான் விழும்.

உங்கள் காரின் கூரை பக்கத் தகட்டோடு சேரும் இடத்தில் சாம்பல்நிற மென்மையான உலோகம் தென்பட்டால் பதறாதீர்கள். அது இணைப்பை மறைக்கத் தொழிற்சாலையிலேயே இழைத்த ஈயம். பெரும்பாலும் 70 பங்கு ஈயமும் 30 பங்கு வெள்ளீயமும் கலந்த கலவை. 183 டிகிரியில் இளகத் தொடங்கினாலும் ஏறத்தாழ 255 டிகிரி வரை முழுதாக உருகாமல் குழைவாகவே நிற்கும், அந்தக் குழைவில்தான் மரக்கட்டையால் அதை இழைத்திருப்பார்கள். உறுதியாகப் பற்றியிருந்தால் அதை அப்படியே விடுவதே நல்லது. அதன்மேல் இயந்திர சாண்டரை ஓட்டக்கூடாது, அரம் மட்டும் போட வேண்டும். தூசி நஞ்சு, சீவல் அவ்வளவு தொல்லை தராது. புதிதாக ஈயம் இழைப்பவர்கள் அதற்குமுன் ஈயம் தகட்டில் ஒட்டுவதற்காகப் பூசும் ஃப்ளக்ஸின் அமிலத்தை நன்றாகக் கழுவி நீக்காவிட்டால் அதன்மேல் வரும் பெயிண்ட் ஆண்டுக்குள் கொப்பளிக்கும்.

இப்போது ஒடுக்கு எடுக்கும் வேலைக்கு வருகிறேன். முதலில் அந்த ஒடுக்கு எப்படி விழுந்தது என்று வாசிக்கப் பழகுங்கள். இடி பட்ட இடத்தில் நடுவே ஒரு பள்ளமும், அதைச் சுற்றி மேலெழுந்த ஒரு வரம்பும் இருக்கும். அந்த வரம்புதான் தகட்டைப் பூட்டி வைத்திருக்கிறது. நடுவிலிருந்து சுத்தியலால் குத்தித் தள்ளினால் தகடு நீண்டுவிடும். கடைசியாக உண்டான மடிப்பை முதலில் அவிழ்ப்பது என்பது இத்தொழிலின் அடிப்படை. பின்பக்கத்தில் பள்ளத்தின் அடியில் தாங்குகட்டையை (கையில் பிடிக்கும் இரும்புக் கட்டியை) அழுத்திப் பிடித்து, முன்பக்கத்தில் வரம்பின்மேல் மெல்லத் தட்டினால் வரம்பு இறங்க இறங்கப் பள்ளம் தானே எழும்பி வரும். பெரும்பகுதி எழும்பிய பிறகுதான் தாங்குகட்டைக்கு நேர்மேலே தட்டும் முறை வர வேண்டும், அதுவும் சில தட்டல்கள் மட்டுமே, ஏனெனில் இரண்டு இரும்புகளுக்கு நடுவில் சிக்கும் தகடு ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் மெலிந்து விரிகிறது. விரிந்த தகடு விரலால் அழுத்தினால் டொப்பென்று உள்ளே போய், விட்டால் திரும்பி வரும். அத்தகைய இடத்தில் ஒரு காசளவு புள்ளியை மங்கிய சிவப்பு வரும்வரை சுடவைத்து, சுற்றித் தட்டி, ஈரத்துணியால் ஆற்றினால் தகடு சுருங்கும். ஒரு புள்ளி முழுவதும் ஆறிய பிறகே அடுத்த புள்ளி.

நேராகிவிட்டதா என்று பார்ப்பதற்குக் கண்ணைவிட உள்ளங்கை நம்பத்தக்கது. மெல்லிய பருத்திக் கையுறை அணிந்து, விரல்களை ஒட்டி நேராக வைத்து, உள்ளங்கை முழுவதும் படும்படி தகட்டின் நீளவாக்கில் நல்ல இடத்தில் தொடங்கி, சரிசெய்த இடத்தைக் கடந்து, மறுபுறம் நல்ல இடம் வரை வழுக்கிக்கொண்டு போங்கள். துணி உராய்வைக் குறைப்பதால் உயரமும் பள்ளமும் கைக்குத் தெளிவாகப் பேசும். விரல்நுனியால் தடவுபவர்களுக்கு இது ஒருபோதும் தெரியாது. பிறகு மெழுகு நீக்கியைத் தகட்டில் தெளித்து, ஈரம் பளபளக்கும் அந்தச் சில வினாடிகளில் சாய்வாகக் குனிந்து விளக்கின் பிம்பத்தைப் பாருங்கள். பெயிண்ட் அடித்தபின் எப்படித் தெரியும் என்பதை அது முன்கூட்டியே காட்டிவிடும். மேடும் பள்ளமும் ஒரு மில்லிமீட்டருக்குள் வந்தபிறகு நிறுத்தலாம். அப்படி மீதி இருக்கும் சிறு வேறுபாட்டைத்தான் பட்டி நிரப்ப வேண்டும். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் பட்டி தேவைப்படும் இடம் எதுவாக இருந்தாலும் அங்கே சுத்தியல் வேலை இன்னும் முடியவில்லை.

பிரைமருக்குப் போகுமுன் கதவு, பானெட், டிக்கி அனைத்தையும் மாட்டி இடைவெளிகளைச் சரிபாருங்கள். இதை விட்டுவிட்டுப் பெயிண்ட் முடித்தபின் கதவைச் சரிசெய்ய முயன்று விளிம்பைச் சிதைத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கார் தன் சக்கரங்களின்மேல், எஞ்சினின் எடையோடோ அதற்கு ஈடான எடையோடோ நிற்கும்போதுதான் இந்த அளவு உண்மையானது. தாங்கிகளில் ஏற்றிவைத்த பாடி வேறு வடிவத்தில் இருக்கும், கூரையில்லாத கார்களில் இந்த வேறுபாடு மிக அதிகம். புதிய ரப்பர் பீடிங்கைத் தற்காலிகமாகப் பொருத்தி மூடிப் பாருங்கள். புது ரப்பர் தடிப்பாக இருந்து கதவை வெளியே தள்ளும். ஒவ்வொரு விளிம்பிலும் பிரைமரும் பெயிண்டும் சேர்ந்து கால் மில்லிமீட்டர் வரை ஏறும் என்பதால் நான்கு மில்லிமீட்டர் இடைவெளி இறுதியில் மூன்றரையாகிவிடும். பழைய கார்கள் பலவற்றில் தொழிற்சாலையிலேயே இடைவெளி ஒழுங்காக இருந்ததில்லை. இன்றைய காரின் துல்லியத்தைத் தேடாமல், மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டால் கண்ணுக்கு நிறைவாக இருக்கும்.

வெறும் தகட்டுக்கு நான் எபாக்ஸி பிரைமரையே தேர்ந்தெடுப்பேன். அமிலம் கலந்த எட்ச் பிரைமர் பற்றுதலில் சிறந்ததுதான், ஆனால் அது மிக மெல்லியது, ஈரத்தை அவ்வளவாகத் தடுக்காது, அதன்மேல் நேராகப் பாலியஸ்டர் பட்டி போடுவதும் பொதுவாகப் பொருந்தாது. எபாக்ஸியோ தகட்டை ஈரத்திலிருந்து மூடி, அதன்மேல் பட்டி போடவும் இடம் தருகிறது. பி80 தாளால் தேய்த்த தகட்டை இரண்டு துணி முறையில் துடையுங்கள்: நனைத்த துணியால் ஒரு கை, அது ஆவியாகும் முன் உலர்ந்த துணியால் மறுகை. அன்றைக்கே எபாக்ஸியை அடித்துவிட வேண்டும். வெறும் தகட்டை ஈரக்காற்றில் ஓரிரவு விட்டாலே பழுப்பு படரத் தொடங்கும். தகட்டின் வெப்பம் பனிநிலையைவிடக் (காற்றின் ஈரம் நீராகப் படியும் வெப்பநிலையைவிடக்) குறைந்தது மூன்று டிகிரி மேலாக இருக்க வேண்டும், இல்லையெனில் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலத்தின்மேல் அடிப்பீர்கள். காலையில் குளிர்ந்து கிடக்கும் தகட்டில் வெயில் ஏறுமுன் அடிப்பது இந்தத் தவறில் கொண்டுபோய் விடும்.

பட்டியும் ஹார்டனரும் கலப்பதில் கணக்கு முக்கியம். எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு என்பது பெரும்பாலான பாலியஸ்டர் பட்டிகளின் அளவு. விரைவில் இறுக வேண்டும் என்று கூடுதலாகப் பிழிந்தால் மிஞ்சிய பெராக்சைடு பின்னால் மேல்நிறத்தில் மஞ்சள் கறையாக ஊறிவரும், குறைத்தால் அடியில் இறுகாமலே கிடக்கும். அட்டையின்மேல் கலக்காதீர்கள், அது பிசினின் ஈரத்தை உறிஞ்சிவிடும். வழவழப்பான பலகையில், கிளறாமல் அழுத்தி அழுத்தித் தேய்த்துக் கலந்தால் காற்றுக் குமிழ் சேராது, ஊசித்துளைகளும் குறையும். எபாக்ஸியின் மறுபூச்சு அவகாசத்துக்குள் (தேய்க்காமலே அடுத்த பூச்சை ஏற்கும் காலத்துக்குள்) போட்டால் பட்டி அதனோடு வேதிப் பிணைப்பாகவே சேரும்; அவகாசம் தாண்டியிருந்தால் பி120 போன்ற தாளால் தேய்த்த பிறகே போட வேண்டும். அந்த அவகாசம் ஒவ்வொரு தயாரிப்புக்கும் வேறு, டப்பாவோடு வரும் தொழில்நுட்பத் தாளைப் படித்துவிடுங்கள்.

பட்டியைப் பள்ளத்தின் அளவுக்கு மட்டும் போடாமல் சுற்றிலும் அகலமாக இழைத்து, பள்ளத்தைவிட நீளமான கட்டையில் தாளைச் சுற்றித் தேயுங்கள். குட்டைக் கட்டை பள்ளத்துக்குள்ளேயே இறங்கி அதை மேலும் ஆழமாக்கும். ஒரே திசையில் தேய்க்காமல் மூலைவிட்டமாக ஒருமுறை, அதற்குக் குறுக்காக ஒருமுறை என மாற்றிக்கொண்டே இருங்கள். பி80இல் வடிவத்தை முழுவதும் கொண்டுவந்துவிட வேண்டும். அதற்கடுத்த பி120, பி180 தாள்கள் முந்தைய தாளின் கோடுகளை எடுப்பதற்கு மட்டுமே, வடிவத்தை அவற்றால் திருத்த முடியாது. பட்டியில் தண்ணீர் ஊற்றித் தேய்ப்பதைத் தவிர்த்துவிடுங்கள். அதிலுள்ள டால்க் நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு தகட்டுக்குக் கொண்டுபோகும்.

இதற்குமேல் தடித்த 2கே பிரைமரை இரண்டு அல்லது மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் இடையில் பளபளப்பு மங்கும்வரை காத்திருந்து அடிக்கவும். அது நன்றாக இறுகியபின், மேடுபள்ளத்தைக் காட்டிக்கொடுக்கும் வழிகாட்டிப் பூச்சைப் போடுங்கள். கறுப்புப் பொடியைப் பஞ்சால் ஒற்றலாம், மலிவான கறுப்பு ஸ்பிரேயைத் தூரத்திலிருந்து புகைபோலத் தூவவும் செய்யலாம். நீண்ட கட்டையில் பி320 வைத்து ஒரு கதவைத் தேய்த்தால் நடப்பதைக் கவனியுங்கள். முதல் சில இழுப்பிலேயே பெரும்பகுதி கறுப்பு போய்ச் சாம்பல் பரப்பு வெளிப்படும். கைப்பிடிக்குக் கீழே மட்டும் உள்ளங்கையளவு கறுப்புத் திட்டு அப்படியே நிற்கும், அதன் விளிம்பில் இடைநிறத்தில் ஒரு வளையம் தெரியும். அந்தத் திட்டு பள்ளம். அதை விரலால் தாளை அழுத்தித் தேய்த்துக் கறுப்பைப் போக்கிவிடத் தோன்றும்; போக்கினால் கறுப்பு போகும், பள்ளம் அங்கேயே இருக்கும். சுற்றியுள்ள பரப்பு கட்டையோடு இறங்கி அந்தக் கறுப்பு தானாக மறையும்வரை தேய்க்க வேண்டும். அதற்குள் வேறொரு இடத்தில் எபாக்ஸியோ தகடோ எட்டிப் பார்த்தால் அது மேடு, உடனே நிறுத்திவிட்டு மெல்லத் தட்டி இறக்கியோ மறுபடி பிரைமர் அடித்தோதான் தொடர வேண்டும். இந்தச் சுற்றை இரண்டு முறை செய்வது வழக்கம், அடர்நிறத்துக்கு மூன்றாவது முறையும் வீணாகாது. வெளிப்பட்ட வெறுந்தகட்டை எபாக்ஸியால் மூடாமல் அடுத்த கட்டத்துக்குப் போகக்கூடாது.

இறுதித் தேய்ப்புக்கு ஒற்றைநிறப் பெயிண்டுக்குப் பி400 முதல் பி600 வரையும், மெட்டாலிக்குக்குப் பி600 முதல் பி800 வரையும் போதும். தாளின் எண்ணுக்கு முன்னால் ‘பி’ இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எழுத்தில்லாத பழைய அமெரிக்க அளவில் 400 என்பது பி அளவில் ஏறக்குறைய 800க்குச் சமம், கலந்து பயன்படுத்தினால் கணக்கே மாறிவிடும். இணைப்புகளில் சீலன்டை எபாக்ஸிக்கு மேல், நிறத்துக்கு முன் வைக்க வேண்டும். வடிகால் துளைகளை மட்டும் ஒருபோதும் அடைத்துவிடாதீர்கள்.

அலுமினியத் தகட்டுக்கு இரும்பில் பயன்படுத்திய தாளையோ கம்பித் தூரிகையையோ தொடவே கூடாது. இரும்புத் துகள் பதிந்தால் அங்கிருந்தே அரிப்பு தொடங்கும். கண்ணாடியிழை பாடிக்கு இரசாயன உரிப்பான் ஆகாது, தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

2கே பிரைமர், பெயிண்ட் இரண்டின் ஹார்டனரிலும் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் உண்டு. அது ஒருமுறை ஒவ்வாமையைத் தூண்டிவிட்டால் பிறகு சிறிய அளவுகூட மூச்சுத்திணறலைக் கொண்டுவரும், அது வாழ்நாள் முழுவதும் தொடரலாம். ஆபத்தான அளவில் இருக்கும்போதும் அதன் வாடை மூக்குக்குத் தெரியாது என்பதால், சாதாரண வடிகட்டி முகமூடி தேய்ந்துபோனதைக்கூட உணரமாட்டீர்கள். வெளியிலிருந்து தூய காற்று வரும் முகமூடி இல்லாமல் இவற்றை அடிக்க வேண்டாம் என்று வலியுறுத்திச் சொல்கிறேன். அந்த வசதி உங்களிடம் இல்லையென்றால் தேய்ப்பு வரை நீங்கள் செய்துவிட்டு, அடிக்கும் வேலையைப் பெயிண்ட் அடிக்கும் தனி அறை வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடலாம். அதில் உங்கள் உழைப்பின் பெருமை எதுவும் குறையாது.

அடிக்கும் நாளில் கம்ப்ரஸர் குழாயையும் கவனியுங்கள். அழுத்தத்தில் சூடான காற்று குழாயில் ஆறும்போதுதான் நீராவி நீராகப் பிரியும், ஆகவே நீர் பிரிப்பானைக் கம்ப்ரஸரை ஒட்டி வைக்காமல் சில மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். மூலைமடிப்புகளிலும் கதவு இடுக்குகளிலும் காற்றை ஊதித் தூசியை வெளியேற்றி, தரையை நனைத்து, மெழுகு நீக்கியால் துடைத்து, கடைசியாகத் தூசியைப் பிடிக்கும் பிசின் தடவிய ஒட்டுத்துணியை எடையே இல்லாமல் இழுத்து எடுங்கள். அழுத்தித் துடைத்தால் அதிலுள்ள பிசின் தகட்டில் தங்கிவிடும். கதவுகளுக்குள்ளும் வாசற்படிப் பெட்டிக்குள்ளும் ஊற்றும் துருத்தடுப்பு மெழுகை இந்தக் கட்டத்தில் தொடவே வேண்டாம். ஒரு துளி கசிந்தாலும் பெயிண்ட் விலகும். பெயிண்ட் அடித்து முழுவதும் இறுகி, சில வாரங்கள் சென்றபின் வடிகால் துளைகள் வழியே நீண்ட குழலால் அதை உள்ளே செலுத்துங்கள். மிஞ்சியது துளைகளின் வழியே சொட்டி நின்றதும், ஒரு கம்பியை விட்டு ஒவ்வொரு துளையும் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.